புள்ளி வைத்த சுவர்

சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் மற்றவர்கள் ஆமாம் என்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் தூக்கல் என்பார்கள். பள்ளிச் சுவரை அளக்க வந்த அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் தொட்ட எடத்துல சரியா இருக்குதுங்க" என்பார். மழை வருமா என்றால், "மேக்கால இருட்டியிருக்குதுங்க" என்பார். வரும் என்றும் வாயில் வராது, வராது என்றும் வாயில் வராது. முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அந்தத் தட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் என்று வந்தது.

நான் அப்போது கொடைரோடு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு சத்துணவு டீச்சர். சமையலுக்கு முத்தம்மாக்கா. பள்ளிக்குக் கிழக்கே ஒரு பாறைக் கரடு, அதைப் பாதி தின்றுவிட்ட ஒரு கல்குவாரி. தினமும் பகல் பன்னிரண்டரைக்கு வேட்டு வைப்பார்கள். அதே பன்னிரண்டரைக்குத்தான் பிள்ளைகள் தட்டோடு உட்காரும். வேட்டு வெடித்ததும் சமையல்கூடத்தின் ஓட்டுக்கூரையிலிருந்து தூசி கொட்டும். நானும் முத்தம்மாக்காவும் ஓடிப்போய் குண்டான்மேல் தாம்பாளத்தைக் கவிழ்ப்போம். பிறகு கிழக்குச் சுவரில் விரிசல் விட்டது. ஒரு விரல் நீளத்தில் ஆரம்பித்து, ஒரு மழைக்காலத்துக்குள் கூரையைத் தொட்டது.

மனு கொடுத்தோம். ஒரு பொறியாளர் வந்து விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதுதான் சாட்சி என்றார். இரண்டாம் நாள் உடைந்து கிடந்தது. பிள்ளைகள் பந்து எறிந்து உடைத்ததாக குவாரி மேனேஜர் சொன்னார். மறுபடி ஒட்டினோம். மறுபடி உடைந்தது. இந்த முறை நானே உடைத்துவிட்டதாக என்மேல் பழி போட்டார். அந்த ஆளின் முகம் இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்றைக்கூட எடுத்து அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

சுவரைத் தொடாமல், சுவரில் எதையும் ஒட்டாமல் அளக்க ஒரு வழி இருக்கிறது என்று தலைமையாசிரியர் எங்கேயோ விசாரித்துவிட்டு வந்தார். அப்படித்தான் அவர் வந்தார். ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டன்ட். சொந்த ஊர் கீரனூர்ப் பக்கம். நாற்பது வயதிருக்கும். தோளில் கேமராப் பை, கையில் ஒரு பெயிண்ட் டப்பா, சட்டைப்பையில் ஒரு பழைய டூத் பிரஷ்.

முதல் காரியமாக விரிசலின் இரண்டு பக்கமும் சுவருக்கு வெள்ளையடித்தார். காய்ந்ததும் பிரஷைக் கறுப்புப் பெயிண்டில் தொட்டு, கட்டைவிரலால் முள்ளை வருடி விசிறினார். பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழுந்தன. ஒரு புள்ளி போல இன்னொன்று இல்லை.

"என்ன தம்பி, செவத்துக்கு அம்மை போட்டு விட்டுட்டீக?" என்றார் முத்தம்மாக்கா.

"ஆமாங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

தண்ணீர்த் தொட்டித் தூணின் அடியில் கான்கிரீட் போட்டு இரும்புக் குழாயை நட்டு அதன்மேல் கேமராவைப் பூட்டினார். சுவரிலிருந்து பத்துப் பதினைந்து காலடி தூரம். வேட்டுக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். விரிசலுக்கு இந்தப் பக்கத்துப் புள்ளியும் அந்தப் பக்கத்துப் புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லுமாம். தலைமுடி பருமனில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் தெரியுமாம். உடைக்கக் கண்ணாடி இல்லை, பிடுங்க ஒயர் இல்லை. மேனேஜர் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் இவருக்கு இரண்டு முட்டை வைக்கச் சொன்னேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாரத்தில் மூன்று நாள் வருவார். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை வேட்டு கிடையாது. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை மணிக்கொரு படம் எடுத்தார். கேட்கப் போனேன்.

"வேட்டே இல்லாத நாள்ல என்னத்த சார் படம் புடிக்கிறீங்க?"

"வெயில் என்ன செய்யுதுன்னு பாக்கோணுமுங்க. காத்தால வெயில் விழுந்ததும் விரிசல் விரியுது. பொழுது சாஞ்சா மூடிக்குது."

"வெயிலா? வெயிலு இந்தப் பள்ளிக்கூடம் கட்டின நாள்ல இருந்து அடிக்குது. அம்புட்டு நாளும் இல்லாத விரிசலு இப்ப எப்படி வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் வந்ததுக்கப்புறம் நடந்ததைத்தான் பாத்தேன்."

அந்த 'ங்க' இருக்கிறதே, அதுதான் என்னைக் கொளுத்தும். சண்டைக்கு வந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். இவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு மரியாதையை ஒட்டிவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இன்னொரு நாள், வேட்டுக்கு எவ்வளவு மருந்து வைக்கிறார்கள் என்று கேட்பதற்கு அவர் குவாரிக்கே நடந்து போனதாகவும் மேனேஜர் இளநீர் வெட்டிக் கொடுத்ததாகவும் ஊருக்குள் பேச்சு வந்தது. வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"அந்த ஆளு குடுத்த இளநியக் குடிச்சீங்களா?"

"குடிச்சேனுங்க. தாகமா இருந்துச்சு."

"யாரு பக்கம் சார் நீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "கேமரா பக்கமுங்க" என்றார். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் கிண்டல் என்று நினைத்திருப்பேன். அவருக்குக் கிண்டல் வராது.

முத்தம்மாக்காவுக்கு மட்டும் அவரைப் பிடித்திருந்தது. "பொய் சொல்லத் தெரியாத மனுசன் டீச்சர். அதுவா ஒரு கொற?" என்பார். கொறைதான் அக்கா, ஊர் பூராவும் பொய் சொல்கிற இடத்தில் இவர் ஒருத்தர் மட்டும் நாக்கைத் தராசில் வைத்துப் பேசினால் நாம் எப்படி ஜெயிப்பது என்று நான் கத்துவேன்.

பிறகுதான் அடுப்பு விஷயம் வந்தது. கேஸ் வந்த பிறகும் பெரிய குண்டானுக்கு நாங்கள் விறகடுப்புதான் வைத்திருந்தோம். அடுப்பு கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் சமையல்கூட வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், உங்க அடுப்பும் செவத்தைத் தள்ளுதுங்க. பத்து மணிக்கு எரிய விட்டா பதினொன்னுக்கு விரியுது. ஆறுனதும் மூடிக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியைத் தரையில் எறிந்தேன். சாம்பார் அவர் கால்சட்டையில் தெறித்தது.

"என் அடுப்பா? மலையவே பொளந்துக்கிட்டு இருக்கான், அது உங்க கண்ணுக்குத் தெரியல. பச்சப் புள்ளைகளுக்குச் சோறாக்குற அடுப்பு தெரியுதா?"

"அதுவும் தெரியுதுங்க. ரெண்டும் தெரியுது."

"இத எழுதப் போறீங்களா?"

"பாத்ததை எழுதோணுமுங்க."

எழுதினார். அந்த அறிக்கை மூன்று பக்கம். வெயில் முதல் பக்கம், அடுப்பு இரண்டாம் பக்கம், வேட்டு மூன்றாம் பக்கம். எந்த வரிசையில் கண்டுபிடித்தாரோ அந்த வரிசை. மூன்றாம் பக்கத்தில் இருந்ததுதான் முக்கியம்: வெயிலுக்கும் அடுப்புக்கும் விரிந்த விரிசல் திரும்ப மூடிக்கொள்கிறது, வேட்டுக்கு விரிந்தது திரும்ப மூடுவதில்லை. ஒவ்வொரு வேட்டும் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் சேர்ந்துகொண்டே போகிறது.

பள்ளி வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். மேனேஜர் எழுந்து இரண்டாம் பக்கத்தை மட்டும் சத்தமாக வாசித்தார். "சமையல் அடுப்பின் வெப்பத்தால் விரிசல் விரிவடைகிறது. நாங்க சொல்லலீங்கய்யா, இவங்க கூட்டியாந்த ஆளே எழுதியிருக்காரு." ஊர்க்காரர்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் மூலையில் நின்று, "மூணாம் பக்கம் இருக்குதுங்க, மூணாம் பக்கம்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போய் அந்தத் தாளைப் பிடுங்கி அதிகாரியிடம் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார். படித்துவிட்டு மூலையில் நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

"வேட்டு வச்சா இந்தச் சுவர் விழுமா, விழாதா?"

விழும் என்று ஒரு வார்த்தை. அன்றைக்கே வேட்டு நின்றிருக்கும்.

"அது இந்தப் படத்துல தெரியாதுங்கய்யா. விரியுது, மூடலை. அம்புட்டுத்தான் பாத்தேன். இன்னும் ஒரு மாசம் பாத்தா எந்த வேகத்துல விரியுதுன்னு சொல்லலாம்."

"அப்ப ஒரு மாசம் பாருங்க" என்றார் அதிகாரி.

முடிந்தது. வேட்டு நேரத்தை மாலை நாலே காலுக்கு மாற்றினார்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு. சமையலை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னார்கள். சுவரை ஒட்டி அடுப்பு வைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. மேனேஜருக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். அத்தனை புள்ளிகளும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலை. பள்ளியில் யாரும் இல்லை. கடையில் சுண்ணாம்புக் கல் வாங்கி வந்து வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்து என் முன்கையில் தெறித்தது, நான் சட்டை பண்ணவில்லை. வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்து அவர் வைத்த புள்ளி ஒன்று பாக்கி இல்லாமல் மூன்று கோட் அடித்தேன். அடிக்க அடிக்க வாய்விட்டுத் திட்டினேன். மேனேஜரைத் திட்டினேனா அவரைத் திட்டினேனா என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நானும் போயிருந்தேன், சண்டை போடத் தயாராக. அவர் வெள்ளைச் சுவருக்கு எதிரே பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கொப்புளம் போட்டிருந்த என் கையைப் பார்த்தார்.

"கை என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"தேங்காண்ணெ போடுங்க" என்றார். பழைய படங்களோடு இனி ஒப்பிட முடியாது என்றும், வியாழக்கிழமை பெயிண்டோடு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பதாகவும் தலைமையாசிரியரிடம் சொல்லச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

அந்த வியாழக்கிழமை வரை சுவர் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாலே கால் வேட்டுக்குச் சுவர் விழுந்தது.

பழைய சமையல்கூடத்தில்தான் பெரிய பாத்திரங்களை வைத்திருந்தோம். குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர முத்தம்மாக்கா உள்ளே போயிருந்தார். நான் வராந்தாவில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேட்டுச் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த சத்தம் வேட்டு மாதிரி இல்லை. கனமாக, தளர்ந்த மாதிரி ஒரு சத்தம். தூசி அடங்குமுன் ஓடினேன். குண்டான் நசுங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய சேலை தெரிந்தது. "டீச்சர், காலு, காலு" என்று முனகிக்கொண்டிருந்தார். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிருந்தது.

மறுபடி விசாரணை, அதே வராந்தா. இப்போது ஊரே திரண்டிருந்தது. அதிகாரி படம் எடுத்தவரைக் கேட்டார்.

"ஒரு மாசம் பாக்கச் சொன்னேனே, கடைசி வாரத்துப் படம் எங்கே?"

"இல்லைங்கய்யா. செவத்துல புள்ளி இல்லை. வெள்ளையடிச்சிருந்துச்சு."

"யாரு அடிச்சது?"

"அதை நான் பாக்கலீங்க."

கூட்டம் கொந்தளித்துவிட்டது. "குவாரிக்காரன்தான் அழிச்சிருக்கான்! கண்ணாடிய ஒடச்ச மாதிரி இதையும் அழிச்சிட்டான்!" நாலைந்து பேர் மேனேஜரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். "சத்தியமா நாங்க இல்லய்யா" என்று அவர் அலறினார். நான் பார்த்து அந்த ஆள் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான். நான் பேசாமல் நின்றிருந்தால் அவ்வளவு பேரும் அதை நம்பியிருப்பார்கள். பேசாமல்தான் நின்றேன், கொஞ்ச நேரம். "பாக்கலீங்க" என்றவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான்தான் அடிச்சேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். அப்போது கேட்டது.

பிறகு நடந்ததையெல்லாம் விவரிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மூன்றாம் பக்கத்தை வைத்து வேட்டை நிறுத்தி உத்தரவு வந்தது. புகார் கொடுத்தவர்களே அளவைக் கெடுத்துவிட்டார்கள் என்று குவாரிக்காரர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. கரட்டின் மறுபக்கத்தில் வேறு பெயரில் ஒரு குவாரி வந்துவிட்டது. என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். யாரோ யாருக்கோ போன் போட்டதில் அவருடைய கல்லூரியில் கேமராவைத் திருப்பிக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வேலை போன பிறகும் அவர் சாயங்காலம் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். முத்தம்மாக்காவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், கால் சரியாகிவிடும், அடுத்த மாதமே ஓடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் முத்தம்மாக்கா அவரிடமே கேட்டுவிட்டார்.

"ஏந் தம்பி, நடந்துருவேனா?"

"தெரியலீங்கம்மா. நேத்துவரைக்கும் சுண்டுவெரல் அசையலை. இப்ப செத்த முன்னால அசைஞ்சுச்சு. பாத்தேன்."

முத்தம்மாக்கா தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். எங்கள் யாருக்கும் எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மா அன்றைக்குத்தான் நர்ஸைக் கூப்பிட்டு இரண்டாவது இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

அவர் கிளம்பும்போது நான் வெளி வாசல்வரை பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பியவரை நிறுத்தினேன்.

"என் கையப் பாத்தீங்கல்ல அன்னைக்கு? அப்புறம் ஏன் பாக்கலைன்னு சொன்னீங்க?"

"கையைப் பாத்தேனுங்க. அடிச்சதைப் பாக்கலை."

"சரி, இதச் சொல்லுங்க. நான் அழிக்காம இருந்திருந்தா, திங்கக்கெழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? முத்தம்மாக்காவ உள்ள போக வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் நின்றார். அந்த உப்பைச் சோதிக்கிற முகத்தோடு நின்றார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், நாங்கள் நகரவில்லை.

"தெரிஞ்சிருக்கும்னு சொல்ல எங்கிட்டப் படம் இல்லைங்க. தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லவும் இல்லைங்க."

"ஆமான்னாவது சொல்லுங்க சார். இல்ல, உன் மேல தப்பில்லன்னாவது சொல்லுங்க. ஏதோ ஒண்ணு சொல்லித் தொலைங்களேன்!"

நடுரோட்டில் அவரை நான் திட்டிய திட்டு போகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவர் முழுவதையும் கேட்டார். கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன். கடைசியில், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. முத்தம்மாக்கா கைத்தடி ஊன்றி நடக்கிறார்.

இப்போதும் எனக்கு அந்த மனுஷன்மேல் கோபம் வரும். குழம்பு கிண்டும்போது வரும், பஸ்ஸில் போகும்போது வரும். இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். புது ஊர் டீச்சர்களிடம், என் தங்கையிடம், ஒரு தடவை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம்கூட. நான் சொல்லி முடிப்பதற்குள், "அட விடுங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். இவர்களில் ஒருத்தரும் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை.